ஏழாவது கை

வெள்ளைக்காரத் துரைமார் கடற்கரைக்கு வேலி போட்ட காலத்தில், செங்கத்தேரி என்ற ஊரில், மலைச்சியின் வீட்டுச் சுவர் ஒரு பங்குனி மாதக் காலையில் உப்புப் பூத்தது.

வேலி என்றால் கடல் தண்ணீருக்கு இல்லை. தண்ணீர் ஏறி வந்து, நின்று, வெயிலில் காய்ந்து, தானாக வெள்ளை வெளேரென்று உப்பாகிக் கிடக்கிற அளத்துக்குத்தான் வேலி. ஊரிலிருந்து கூப்பிடு தூரம். முன்பெல்லாம் உலையை அடுப்பில் வைத்துவிட்டு ஓடிப்போய் ஒரு சிரட்டை அள்ளிக்கொண்டு, உலை கொதிக்கும் முன்னே வீடு திரும்பிவிடுவார்கள். இப்போது அங்கே முள்வேலி, வேலிக்குள்ளே உப்புச் சேவகர்கள், அவர்கள் கையில் தடி. ஒரு பிடி அள்ளினால் ஜெயில். உப்பு வேண்டுமென்றால் சர்க்காரின் உப்புக் கொட்டாரத்துக்குப் போய் அவர்கள் சொல்கிற விலைக்குத்தான் வாங்க வேண்டும். அப்படி வாங்க முடிந்தது ஊரில் மூன்றே வீடு. மற்ற அறுபது வீட்டிலும் கம்பங்கஞ்சியை உப்பில்லாமல் குடித்தார்கள். குடித்துக் குடித்து நாக்கு மரத்து, பேச்சிலும் ருசி போய், புருஷன் பெண்டாட்டி சண்டைகூடப் பாதியிலேயே சலித்து நின்றுபோன காலம் அது.

மலைச்சிக்கு முழுப்பெயர் வண்டிமலைச்சி. வயது பத்தொன்பது. புருஷன் சுயம்பு பனையேறி. பனை பொய்த்ததும் கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், போன பிறகு பிறந்த பெண்குழந்தையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. அவன் வந்து பெயர் சொல்லட்டும் என்று குழந்தையைக் குட்டி என்றே கூப்பிட்டார்கள். மலைச்சி அதிகம் பேச மாட்டாள். கிணற்றடியில் யாராவது ஏதாவது கேட்டால் கேட்டவள் முகத்தைப் பார்க்காமல் குடத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். அந்தப் பதிலும் குடத்துக்கு மட்டும் கேட்கிற மாதிரி இருக்கும்.

அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள். சுயம்புவின் அக்கா சிவனணைஞ்சாள், கூப்பிடுவது அணைஞ்சி. பதினோரு வருஷம் பிள்ளை இல்லையென்று புருஷன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவள். பால் குடிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் குட்டி அவள் இடுப்பில்தான். அணைஞ்சியின் மேல்வரிசை முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. குட்டிக்குக் கை நீளத் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சந்தில் விரலை விட்டுப் பார்ப்பதே வேலை. அணைஞ்சியும் வாயைத் திறந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு, பொறுமையாக நிற்பாள்.

அன்றைக்குக் காலையில் முதலில் பார்த்ததும் அவள்தான்.

"ஏளா மலைச்சி, இங்க வா. இந்த ஆடு ஏன் நம்ம சுவத்தத் திங்கி?"

"திங்கல மைனி. நக்குது."

தொட்டில் கட்டியிருந்த பக்கத்து மண்சுவர், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு, வெள்ளையாக இருந்தது. மழைக்காலத்தில் பூக்கிற உவர் இல்லை. நொய்யரிசி மாதிரி மணி மணியாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வெயில் பட்ட இடத்தில் மினுங்கிக்கொண்டு. அணைஞ்சி ஒரு மணியைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏளா, கஞ்சி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஏன் பூத்தது, எப்படிப் பூத்தது என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களும் வாயில் உப்பு பட்டதும் கேள்வியை மறந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு சிரட்டையோடு வந்தாள். உப்பை ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கையில் கொடுக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. கொடுத்தால் இரண்டு பேருக்கும் தீராத பகை வரும் என்பார்கள். அதனால் மலைச்சி ஒரு மணி உப்பைக்கூட யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டு ஓரமாக இருப்பாள். வந்தவள் வந்து, தனக்கு வேண்டியதைத் தானே சுரண்டி, தன் சிரட்டையில் தானே போட்டுக்கொண்டு போவாள். சுரண்டின இடம் மறுநாள் காலையில் மறுபடி பூத்திருக்கும், அன்றைக்கு ஊருக்கு வேண்டிய அளவு, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

ஊர் அதைச் சீக்கிரமே பழக்கிக்கொண்டது. விலக்கான பெண்கள் நான்காம் நாள் குளித்த பிறகே சுவரைத் தொட வேண்டும், கிழக்கு மூலையில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு விட்டுவைக்க வேண்டும், சுரண்டும்போது தும்மினால் அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பிவிட வேண்டும் என்று யாரோ எப்போதோ சொல்லி, எல்லாரும் அதை ஆதியிலிருந்து இருக்கிற முறைபோல நடத்தினார்கள். கஞ்சிக்கு ருசி வந்தது. ஊறுகாய்ப் பானைகள் நிறைந்தன. பிள்ளைகளுக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். உப்பு வெடிக்கிற சத்தத்தை வருஷக்கணக்காகக் கேட்காத வீடுகளில் அந்தச் சத்தம் கேட்டதும் பெண்கள் அழுதார்கள். சண்டைகள்கூட முழுசாக நடந்தன. வாங்க முடிந்த அந்த மூன்று வீடும் கொட்டாரத்துப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டது. சத்தமில்லாமல் சிரட்டையோடு வந்த அந்த மூன்று வீட்டில் ஒன்று ஊர் முன்சீப் சடையப்பர் வீடு.

தை மாதம் முன்சீப்பின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அந்த ஊர் மனுஷர்கள் தவிர வேறு யாரும் செய்ய முடியாத பிசகு அங்கேதான் நடந்தது. விருந்தென்றால் வேறு எது விழும் முன்னேயும் இலையின் ஓரத்தில் உப்பு விழ வேண்டும். உப்பில்லாத இலையில் சம்பந்தி கை வைக்க மாட்டார். உப்பை வேலிக்குள் பூட்டின வருஷம் முதல் எந்தக் கல்யாணத்திலும் அந்த மூலையை மணலை வைத்து மறைத்தார்கள், இல்லையென்றால் பார்க்காததுபோல் இருந்தார்கள். சடையப்பருக்குத் தன் மகள் கல்யாணத்தில் அது வேண்டியிருக்கவில்லை. முந்நூறு இலையிலும் கோழிமுட்டை அளவுக்கு உப்புக் குவித்தார்கள். கௌரவத்துக்காக அவர் அழைத்து முதல் பந்தியில் உட்கார வைத்த விருந்தாளிகளில் ஒருவர், வேலியைக் காக்கிற உப்புச் சேவகர்.

சேவகர் இலையைப் பார்த்தார். பக்கத்து இலையைப் பார்த்தார். பந்தி கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு நன்றாகச் சாப்பிட்டார், வெற்றிலை போட்டுக்கொண்டார், மாப்பிள்ளையை ஆசீர்வதித்துவிட்டுப் போனார். பத்து மாதமாக இந்த ஊருக்குக் கொட்டாரத்திலிருந்து ஒரு மரக்கால் உப்புகூடப் போகவில்லை என்று அவருக்குத் தெரியும்.

மாசி பிறந்ததும் துரை வந்தார். கழுத்து சிவந்து, வேர்த்து விறுவிறுத்து, ஊர்ச்சாவடி முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் ஊருக்கும் நடுவே தமிழ் குமாஸ்தா ஒருவர் காகிதத்தோடு உட்கார்ந்தார்.

"இந்த ஊரில் உப்புக் காய்ச்சினது யார்?"

"யாரும் காய்ச்சல சாமி."

"அளத்தில் அள்ளினது யார்?"

"யாரும் அள்ளல சாமி."

"முந்நூறு இலைக்கு உப்பு எங்கிருந்து வந்தது? ஆகாயத்திலிருந்தா?"

"சுவத்துலேருந்து வந்துச்சு சாமி."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். துரை கைத்தடியால் சுவரைத் தட்டிப் பார்த்தார். குமாஸ்தா யாரும் பார்க்காதபோது விரலால் தொட்டு நக்கினார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அந்தக் குமாஸ்தாவே சட்டத்தை ஊருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உப்பைச் செய்தவர் குற்றவாளி. சேகரித்தவர் குற்றவாளி. வைத்திருந்தவர் குற்றவாளி. தானாகப் பூத்தது என்று எழுதச் சட்டத்தில் இடமில்லை. "சுவரிலிருந்து எடுத்து உங்களுக்குக் கொடுத்தது யார்? அதைச் சொல்லுங்கள், போதும்."

யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருப்பதுதான் வழக்கம். ஒவ்வொருத்தியும் தன் கையால் சுரண்டி, தன் பானையில் போட்டுவைத்தவள். பகை வரக்கூடாது என்று காத்த வழக்கம் இன்றைக்கு அறுபத்துமூன்று வீட்டையும் சேகரித்த வீடாக, வைத்திருந்த வீடாக ஆக்கிவிட்டது. ஜெயில் எவ்வளவு தூரம், அங்கே பால்குடிப் பிள்ளையைக் கூட விடுவார்களா என்று பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வது மேஜை வரைக்கும் கேட்டது. சடையப்பரின் புதுவேட்டியெல்லாம் வேர்வை. முந்நூறு இலை அவர் வைத்த இலை.

"அது செய்வினை, துரை," என்றார் சடையப்பர்.

குமாஸ்தா நிமிர்ந்தார்.

"நாங்க எடுத்த உப்பு இல்ல. அது அந்த மலைச்சி ஏவி விட்ட உப்பு. அதுவா எங்க பானைக்குள்ள வந்து கெடந்துச்சு. சூனியக்காரி துரை அவ. நாங்க என்ன செய்ய?"

சொன்ன நேரத்தில் அது ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. எல்லாரும் அந்தக் கதவு வழியாக வெளியே ஓடினார்கள். என் பானையிலும் அதுவாகத்தான் வந்து கிடந்தது என்றார்கள். சிரட்டையே எங்கள் வீட்டில் இல்லை என்றார்கள். வெயிலாள் என்கிறவள், சுவரின் கிழக்கு மூலையில் சுரண்டிச் சுரண்டியே ஆண்பிள்ளை பெற்றவள், முன்னால் வந்து, "குடத்தப் பாத்துத்தான் பேசுவா சாமி. மனுச மொகத்த ஏறிட்டுப் பாக்க மாட்டா. பாத்தா நமக்குத் தெரிஞ்சிரும்லா?" என்றாள். குமாஸ்தா ஒவ்வொன்றையும் எழுதினார். ஒவ்வொருவராக வந்து அதன் கீழே பேனாவால் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் போட்டதும் அடுத்தவருக்குச் சுலபமாக இருந்தது.

அணைஞ்சியின் முறை வந்தது. "நீ ஒரே வீட்டில் இருக்கிறவள். நீயும் சேர்ந்து செய்தாயா?" என்று குமாஸ்தா கேட்டார். அணைஞ்சி இடுப்பிலிருந்த குட்டியைப் பார்த்தாள். இரண்டு பேரையும் கொண்டுபோனால் இது என்ன ஆகும் என்று நினைத்தாளோ, ஒருத்தியை மட்டும் கொண்டுபோனால் இது யாருக்கு ஆகும் என்று நினைத்தாளோ, அது அவளுக்கே தெரியாது.

"நான் இல்ல சாமி. நான் படுத்தா தூங்கிருவேன். அவதான் முழிச்சு இருப்பா. சுவத்துப் பக்கமா திரும்பி என்னத்தையோ முணுமுணுப்பா."

அது தாலாட்டு. எல்லாருக்கும் தெரியும். அணைஞ்சி கீறல் போட்டாள்.

கடைசியாக மலைச்சியைக் கேட்டார்கள். உனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா? இருந்தது. நெஞ்சு முட்ட இருந்தது. ஆனால் இத்தனை பேர் முகத்துக்கு நடுவில் பார்த்துப் பேச ஒரு குடம் இல்லை. அவள் மேஜையின் காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குமாஸ்தா, கேட்டதற்குப் பதில் இல்லை, என்று எழுதினார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துரை சிரித்தார். உப்புச் சட்டத்தில் சூனியத்துக்குப் பிரிவு கிடையாது என்று அவர் சொன்னதைக் குமாஸ்தா சொன்னார். வழக்கு இல்லை. சுவரை மட்டும் இடித்துவிடுங்கள். சேவகர்கள் கடப்பாரையால் இடித்தார்கள். உள்ளே மண்தான் இருந்தது. துரை காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டார்.

அவர் போய்விட்டார். சொன்ன சொல் போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே ஊருக்கு ஒரு பயம் பிடித்தது. சர்க்காரிடம் சொல்லியாகிவிட்டது, கீழே அத்தனை வீட்டின் கீறலும் இருக்கிறது. அது பொய்யென்றால் ஊர் முழுக்க எடுத்தவர்கள். நாளைக்கே துரை திரும்பி வந்து, சூனியக்காரியை வைத்துக்கொண்டா நிம்மதியாகக் கஞ்சி குடிக்கிறீர்கள், அப்போது அன்றைக்குச் சொன்னது பொய்தானே, என்று கேட்டால்? அதனால் அது மெய்யாக இருக்க வேண்டும். மெய்யாக்குவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. போன கார்த்திகையில் ஒரு பசு போட்ட கன்று செத்துப் பிறந்தது. அதை அப்போது வாடைக்காற்று என்றார்கள், இப்போது மலைச்சி என்றார்கள். ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்ததை இப்போதுதான் எண்ணிப் பார்த்தார்கள். பொய்யென்று தெரிந்து சொன்னவர்கள் மூன்று நாளில் அவளைக் கண்டால் உண்மையாகவே நடுங்கினார்கள். கிணற்றடியில் அவள் வந்தால் குடங்களை மூடினார்கள். மூன்று சுவரோடு நின்ற அந்த வீட்டுக்குள், தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி மலைச்சி குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள், பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தப் பாலக் குடிச்சு அதுவும் சூனியம் கத்துக்கிடும்லா," என்றார்கள்.

முன்சீப் சடையப்பர் கூட்டம் கூட்டி முடிவு சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில், முப்பிடாதியம்மன் கோயில் முன்னால், மலைச்சியின் முன்பற்களைப் பிடுங்குவது. பல் இல்லாத வாயில் மந்திரம் காற்றாகப் போய்விடும். குறட்டோடு தட்டார் வருவார். ஆண்கள் அவளைத் தொடக்கூடாது. ஏழு சுமங்கலிகள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏழில் ஒருத்தி குறைந்தாலும், குறைந்த இடம் வழியாகச் சூனியம் இறங்கி, பிடித்துக்கொண்டிருக்கிற மற்றவர்களில் ஒருத்தி மேல் ஏறிக்கொள்ளும். பிள்ளை அணைஞ்சிக்கு.

அணைஞ்சி அன்றைக்கே வந்து தொட்டிலை அவிழ்த்தாள்.

"மைனி, இன்னும் பால் குடி மறக்கலயே மைனி."

"ஆட்டுப்பால் குடுப்பேன்."

"மைனி, நான் என்ன செஞ்சேன்?"

குட்டி அணைஞ்சியின் வாய்க்குள் விரலை விடப் பார்த்தது; அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டு, தெருக்கோடியில் ஆளில்லாமல் கிடந்த செக்குக் கொட்டகைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், அங்கே சுவரோரம் தொட்டில் கட்டினாள்.

மலைச்சிக்கு மார் கட்டிக்கொண்டு ஜுரம் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அவள் நாக்கால் முன்பற்களைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லை நினைத்துப் பயந்ததைவிட, பல் இல்லாத வாயோடு போய் நின்றால் குட்டி தன்னைக் கண்டு அழுமோ என்றுதான் அதிகம் பயந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வெயிலாள் தன் வீட்டு அடுக்களைச் சுவரைப் பார்த்தாள். அது பூத்திருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி மினுங்கியது. வெயில் ஏறும் முன்னே ஒரு சட்டி சுண்ணாம்பு கலக்கி, வெள்ளையின்மேல் வெள்ளையாகப் பூசினாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன மைனி, மாசியில வெள்ளையடிக்கிய?" என்றாள். "அழகுக்குத்தான்," என்றாள் வெயிலாள். பக்கத்து வீட்டுக்காரியின் கைவிரலெல்லாம் சுண்ணாம்பாக இருந்தது.

வியாழக்கிழமைக்குள் ஊரே வெள்ளையடித்துவிட்டது. காளவாசலில் சுண்ணாம்பு தீர்ந்துபோனது. ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போகவில்லை. எல்லாருக்கும் எல்லார் வீடும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. ஆடுகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவை தெருத்தெருவாக, வீடு தவறாமல், முன்சீப்பின் மச்சு வீட்டுச் சுவர் உட்பட, நாக்கை நீட்டி நக்கிக்கொண்டே போயின. கம்பெடுத்து விரட்டினால் அடுத்த வீட்டுச் சுவருக்குப் போயின. விரட்டுகிறவள் அடுத்த வீட்டுக்காரி முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் மலைச்சியைக் கோயில் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஆண்கள் வட்டமாக நின்றார்கள். தட்டார் குறட்டைத் தண்ணீரில் கழுவினார். பிடிப்பதற்குப் பெண்களைக் கூப்பிட்டபோது வெயிலாளோடு சேர்த்து ஆறு பேர் வந்தார்கள். பயத்தில் மற்றவர்களை முந்திக்கொண்ட ஆறு பேர். ஏழாவது ஆள் வரவில்லை. ஒருத்திக்குத் தலைவலி. ஒருத்தி விலக்கு. ஒருத்தி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சடையப்பர் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு காரணம் வந்தது. சுவரை விட்டுவிட்டு வர யாருக்கும் தைரியமில்லை.

ஆறு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாராவது ஒருத்தி தன்னைக் கை காட்டிவிடுவாளோ என்று ஒவ்வொருத்தியும் மற்றவர்கள் கையைக் கவனித்தாள். அப்போது வெயிலாள் சொன்னாள்:

"அண்ணாச்சி, செக்குக் கொட்டகையப் போய்ப் பாருங்க. அணைஞ்சி தொட்டில் கட்டுன சுவரெல்லாம் உப்பு. ஆடு மொய்ச்சுக் கெடக்கு."

அது உண்மைதான். வெள்ளையடிக்காமல் இருந்தது ஊரில் அந்த ஒரு சுவர்தான். அணைஞ்சிக்குச் சொந்தச் சுவர் கிடையாது. சுண்ணாம்பு வாங்கவும் தோன்றவில்லை. நாலு நாளாக அவள் ஆட்டுப்பால் குடிக்காமல் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவளைக் கொண்டுவந்தார்கள். குட்டி அழுது அழுது தொண்டை கட்டி, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

சடையப்பர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். வெயில் நடுமண்டையில் அடித்தது. அவருக்கு இது எப்படியாவது முடிந்தால் போதும்; ஒருத்தி வேண்டும்; எந்த ஒருத்தியாக இருந்தாலும் சரி. அவருடைய மச்சு வீட்டுச் சுவரை ஒரு கிடா நக்கிக்கொண்டிருப்பது அங்கிருந்தே தெரிந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஒரே வீட்டுல இருந்தாளுக. நாமதான் ஆள மாத்திப்புட்டோம். மலைச்சி, எந்திரி. ஒம் புருசன் உசுரோட இருக்கான், நீ சுமங்கலி. ஏழாவதா நீ பிடி. ஒம் பிள்ளைய நீ வாங்கிக்கோ. ஒம் மேல விழுந்த பேர் இத்தோட போச்சு."

குட்டியை அவள் கையில் கொடுத்தார்கள்.

நாலு நாளைக்குப் பிறகு அந்தப் பாரம் இடுப்பில் ஏறியதும் மலைச்சிக்கு வேறு எதுவும் தெரியவில்லை. மார் தானாகச் சுரந்து சேலை நனைந்தது. குட்டி அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து விம்மியது. அவள் இதற்காக எதையும் செய்வாள். பிடி என்றால் பிடிப்பாள். அதோடு அவளுக்கு ஆங்காரமும் இருந்தது. சுவத்துப் பக்கமா திரும்பி முணுமுணுப்பா. அந்த வார்த்தை இந்த நாலு நாளும் அவள் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாகக் கிடந்தது.

இரண்டு பேர் அணைஞ்சியின் கால்களைப் பிடித்தார்கள். இரண்டு பேர் தோளை அமுக்கினார்கள். ஒருத்தி இடக்கையை. வெயிலாள் பின்னால் மண்டியிட்டுத் தலையை. மலைச்சி குட்டியை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, குனிந்து, அணைஞ்சியின் வலதுகை மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள். அணைஞ்சி அவளைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை.

தட்டார் வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். அந்தச் சந்து தெரிந்தது.

குட்டி விம்முவதை நிறுத்தியது. கழுத்திலிருந்து முகத்தை எடுத்து, தன் எதிரே திறந்திருக்கிற அந்த வாயைப் பார்த்தது. பழகின வாய். குட்டி கையை நீட்டி, எப்போதும் விடுகிற இடத்தில் விரலை விட்டது. விட்டுவிட்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தது.

தட்டாரின் குறடு காற்றில் நின்றது.

"பிள்ளை கைய எடுங்க," என்றார் அவர்.

யார் எடுப்பது? ஏழு பேரில் ஒருத்தி கையை விட்டால் அந்த வழியாகச் சூனியம் இறங்கும். ஆண்கள் தொடக்கூடாது. தட்டாரும் ஆண்தான். குட்டி விரலை இன்னும் உள்ளே விட்டுத் துழாவியது. அணைஞ்சி அந்த விரல் கடிபட்டுவிடாமல் தாடையைத் திறந்தபடியே வைத்திருந்தாள். அவள் கடைக்கண்ணில் தண்ணீர் வழிந்தது.

மலைச்சி குட்டியின் விரலை எடுப்பதற்காகத்தான் கையை விட்டாள். அதற்காகத்தான் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். விரலை எடுத்து, எச்சிலைத் தன் முந்தானையில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"பிடி!" என்றார் சடையப்பர்.

அவள் குடத்தைப் பார்க்கிற மாதிரி தரையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை.

"ஏட்டி, பிடிங்கேன்!"

மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அவள் சும்மா நின்றாள்.

முதலில் விட்டது வெயிலாள். சூடு பட்டவள்போல இரண்டு கையையும் உதறிவிட்டு எழுந்து ஓடினாள். அடுத்த நொடி மற்ற ஐந்து பேரும் விட்டார்கள். யார்மேல் இறங்கியதோ, யார்மேல் இறங்கியதோ என்று ஒருத்தியிடமிருந்து ஒருத்தி விலகி, சேலையை உதறிக்கொண்டு, ஆளுக்கொரு சந்து வழியாகத் தங்கள் வீட்டு வெள்ளைச் சுவர்களுக்குள் போய் விழுந்தார்கள். தட்டார் குறட்டை மடியில் கட்டிக்கொண்டார். ஆண்கள் நின்றார்கள். தொட முடியாது; தொடாமல் எப்படித் தடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

மலைச்சி நடந்தாள். சற்றுப் பொறுத்து அணைஞ்சி எழுந்து பின்னால் நடந்தாள். பட்டப்பகலில், ஊர் நடுத்தெரு வழியாக, இரண்டு பக்கமும் ஆடுகள் நக்கிக்கொண்டிருக்கிற வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே போனார்கள். கதவிடுக்குகளில் கண்கள் இருந்தன. ஒரு கதவும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊரில் ஏழு பெண்கள் ஒரு இடத்தில் சேர்வதில்லை. கல்யாணத்துக்கு முளைப்பாரி எடுப்பதென்றாலும் ஆறு பேர் வருவார்கள், இல்லையென்றால் எட்டு. யாராவது எண்ணினால் எழுந்து போய்விடுவார்கள். மாதம் ஒரு தரம் வெள்ளையடிப்பார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான ஊரைப் பார்த்ததே இல்லை என்பார்கள். ஊர்க்காரர்கள் ஆட்டை விரட்டிக்கொண்டே, "அழகுக்குத்தான்," என்பார்கள்.

தேரி மணல் காலைச் சுட்டது. இரண்டு பெண்களும் கப்பலேறுகிற ஊர் இருக்கிற திசையில் நடந்தார்கள். யாரும் பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்க இரண்டு பேருக்கும் பயம். ஓர் உடைமரத்தடியில் உட்கார்ந்து மலைச்சி பால் கொடுத்தாள். அணைஞ்சி தள்ளி, வெயிலிலேயே நின்றாள். அங்கிருந்தே கேட்டாள்.

"ஏன்ளா விட்ட?"

"குட்டி வெரலு மாட்டிக்கிட்டு மைனி."

அணைஞ்சி முகத்தை மூடிக்கொண்டாள். மலைச்சி நிழலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அணைஞ்சி வந்து உட்காரவில்லை, மலைச்சியும் கூப்பிடவில்லை. பால் குடித்துக்கொண்டிருந்த குட்டி, கை சும்மா இருக்க முடியாமல் மேலே நீட்டி, தாயின் வாயைத் துழாவி, பற்களுக்கு நடுவே சந்து தேடியது. இங்கே சந்து இல்லை. கிடைத்த இடத்தில் விரலை விட்டது.

அந்த விரல் உப்பாக இருந்தது. யாருடைய உப்பு என்று மலைச்சி யோசிக்கவில்லை. வாயை மூடாமல், குட்டி தேடி முடிக்கிற வரைக்கும் அப்படியே இருந்தாள்.